ஏற்கெனவே பார்த்த வெயில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், துவைத்த சேலையைக் கொடியில் பாதி போட்டுவிட்டு மீதியைக் கையில் பிடித்தபடியே அண்ணி நின்றுவிட்டார். சேலை நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவருடைய கால்விரல்களுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்தது. நான் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். “அண்ணி, அந்தப் பக்கம் இழுத்துவிடட்டுமா?” என்று கேட்டேன். பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. யாரையும் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அல்ல அது. வெகுநாள் கழித்துச் சொந்த ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களின் முகத்தில் வருமே, அப்படி ஒன்று. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. வாயில் எதையோ சுவைத்தவர்போல உதட்டைச் சப்புக்கொட்டினார். பிறகு மீதிச் சேலையையும் உதறிப் போட்டுவிட்டு, “என்னா கேட்ட டீச்சரு?” என்றார்.

அவர் என் கணவரின் அக்கா. எங்கள் பக்கத்தில் அந்த உறவை அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். சேத்தியாத்தோப்பில் நடந்த என் கல்யாணத்தில், எனக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவரை மாப்பிள்ளை வீட்டுச் சிறுமி என்றே நினைத்திருந்தேன். தாலியின் மூன்றாவது முடிச்சைப் போட என் பிடரியில் பட்ட விரல்கள்தான் என்னைத் திடுக்கிட வைத்தன. அவை சிறுமியின் விரல்கள் அல்ல. வேலை செய்து காய்த்துப்போன, முப்பதைத் தாண்டிய ஒரு பெண்ணின் விரல்கள். நாத்தனார் முடிச்சு என்று எங்களில் சொல்வார்கள். கல்யாணமே ஆகாத அவர் அந்த முடிச்சை அவ்வளவு இறுக்கமாகப் போட்டார்.

அண்ணி என் தோளுக்கும் கீழேதான் இருப்பார். கால்கள் எல்லோருக்கும் போல வளர்ந்திருந்தன, முதுகு மட்டும் வளரவில்லை. அதனால் உட்கார்ந்தால் இன்னும் சின்னவராகத் தெரிவார். பின்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி முளைக்காது. மேலேயிருந்து முடியை வாரி இறக்கி அந்த இடத்தை மூடிப் பின்னிக்கொள்வார். அந்தப் பின்னலோடு பஸ்ஸில் ஏறினால், புதிதாக வந்த கண்டக்டர் யாராவது “ஏ பாப்பா, பாஸு இருக்குதா?” என்று கேட்பார். அண்ணி நிதானமாகத் திரும்பி, “பாப்பாவுக்கு முப்பத்தஞ்சு வயசு ஆவுது தம்பி, டிக்கெட்டு குடு” என்பார். பஸ்ஸே சிரிக்கும். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் வருத்தம் ஒளிந்திருக்கிறதா என்று ஆரம்ப நாட்களில் தேடிப் பார்த்திருக்கிறேன். இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஊரின் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் அவருக்கு வேலை. கரண்ட் ஃபியூஸுக்கான பீங்கான் கட்டைகள் சூளையில் சுடுவதற்கு முன் அச்சிலிருந்து பச்சையாக வரும்போது ஓரங்களில் பிசிறு நிற்கும். அதை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்கி, காய்வதற்குப் பலகையில் அடுக்குவது அவருடைய வேலை. சாயங்காலம் அந்தப் பெண்கள் கும்பலாக ரோட்டில் நடந்து வரும்போது புருவம், இமை, முழங்கை எல்லாம் வெள்ளையாக இருக்கும். சாயும் வெயிலில் அவர்கள் இந்த உலகத்து மனிதர்கள்போலவே இருக்க மாட்டார்கள். மங்கலம்பேட்டைப் பள்ளியிலிருந்து நான் திரும்பும் பஸ் சில நாட்களில் அவர்களைக் கடந்து போகும். ஜன்னல் வழியே கையசைப்பேன். அத்தனை வெள்ளைக்கும் நடுவில் மிகச் சின்னதாக ஒரு கை உயரும்.

அவர் ஏன் வளரவில்லை என்பதை என் மாமியார் கல்யாணமான முதல் வாரத்திலேயே எனக்குச் சொன்னார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். அத்தைக்கு அது மறைக்க வேண்டிய விஷயம் இல்லை, பெருமையான விஷயம். வருகிற போகிற எல்லோருக்கும் சொல்வார். அண்ணிக்கு ஏழு வயதில் காலையில் எழுந்ததும் வாந்தி வந்திருக்கிறது. நடை தள்ளாடியிருக்கிறது. பூச்சி மருந்தும் மந்திரித்த தண்ணீரும் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிறுமூளையில் புற்றுநோய்க் கட்டி. அறுத்து எடுத்தார்கள். அதன் பிறகு தலைக்கும் முதுகெலும்பு முழுக்கவும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் அதைக் கரண்ட் வைப்பது என்பார்கள்.

“தலையிலயும் முதுவுலயும் ஊதா மையால கோடு போட்டுடுவாங்க. அது அழியக் கூடாது. தண்ணி ஊத்தாம ஈரத்துணியாலதான் ஒடம்பத் தொடைக்கணும்” என்று அத்தை ஆரம்பிப்பார். “குப்புறப் படுக்க வெச்சிட்டு எல்லாரும் வெளிய வந்துடுவாங்க. அம்மாம் பெரிய ரூமுல எம்புள்ள மட்டும் தனியா. கதவு இருக்குதே, செவுரு கனம். நான் சொன்னேன், அம்மா வெளியவே நின்னு உம் பேரைச் சொல்லிக்கிட்டே இருப்பேன், உனக்குக் கேக்காது, ஆனா சொல்லிக்கிட்டே இருப்பேன், நீ அசையாம இருன்னு. அப்படியே சொல்லிக்கிட்டு நிப்பேன். வரிசையில நிக்கறவங்க எல்லாம் பைத்தியம்னு பாப்பாங்க. கதவு தொறந்து வெளிய வந்ததும் மொத வார்த்தை என்னா கேக்கும் தெரியுமா? ‘சொன்னியாம்மா?’ன்னு கேக்கும்.”

பத்து வருடம் கழித்து, இனி வர வேண்டாம், உங்கள் பெண் பிழைத்துவிட்டாள் என்று டாக்டர்கள் சொன்னதும், வீட்டுக்கு வந்து தெருவுக்கே பாயசம் கொடுத்ததும் கதையின் கடைசிப் பகுதி. அந்த இடம் வரும்போது அத்தையின் குரல் கம்பீரமாகிவிடும். அண்ணி அதை ஆயிரம் முறை கேட்டிருப்பார். ஆனாலும் வேறு யாருடைய கதையையோ கேட்பதுபோலக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்பார்.

கொடியருகே நான் பார்த்த அந்த நிற்றல் அதற்குப் பிறகும் வந்தது. சாப்பிடும்போது வரும். கோலம் போடும்போது வரும். ஒருநாள் நானும் அவரும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து போனது. என்ன அது என்று கேட்டேன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தபடி இன்னும் இரண்டு கொத்தை ஆய்ந்து போட்டார்.

“ஒண்ணும் இல்ல டீச்சரு. இப்ப நீ கீரை ஆயிற. அந்தச் செவுத்துல வெயிலு விழுது. ஜங்ஷன்ல ரயிலு கூவுது. இது எல்லாமே ஏற்கெனவே ஒரு தடவ நடந்துது. இதே வெயிலு, இதே கீரை. அப்ப ஒரு வாசனை வரும். சாத்துக்குடித் தோலை உரிச்சா வருமே, அது. அடுத்து என்னா நடக்கும்னு எனக்குத் தெரிஞ்சிடும்போல இருக்கும். சொல்லலாம்னு வாயத் தொறக்கறதுக்குள்ள போயிடும்.”

“பயமா இருக்காதா அண்ணி?”

“பயமா? நல்லா இருக்கும்.”

டாக்டரிடம் காட்டலாம் என்று சொல்லிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு யாராவது டாக்டரிடம் போவார்களா என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு அவர்மேல் பொறாமைகூட வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பரீட்சை அறையில் பிள்ளைகள் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கிடக்கும் வெயிலையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இதை நான் முன்னமே பார்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். எதுவும் நடக்காது. என் வெயில் அன்றைய வெயிலாகவே இருக்கும். அண்ணிக்கு மட்டும் ஒவ்வொரு பகலுக்கும் அடியில் இன்னொரு பகல் இருந்தது. ஆஸ்பத்திரிக் காலத்து ஞாபகமாக இருக்குமோ என்று நினைத்து, அப்போது சாத்துக்குடி ஏதும் வாங்கித் தருவீர்களா என்று அத்தையிடம் கேட்டேன். “சாத்துக்குடியா? பன்னும் டீயும்தான்” என்றார். அந்த வாசனை எங்கிருந்து வந்தது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு பகலில் யூனிட்டில் அண்ணிக்கு வலிப்பு வந்தது. பள்ளிக்குத் தகவல் வந்து நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது, அவரைச் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். கூட வேலை செய்யும் பெண்கள் அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். முகமெல்லாம் பீங்கான் மாவு. கண்ணோரத்தில் மட்டும் தண்ணீர் வழிந்து இரண்டு கோடுகள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரியாமல் விழித்தார். மெதுவாக, “டீச்சரு, பலகை வுழுந்துடுச்சா?” என்று கேட்டார். விழும்போது அவர் கையிலிருந்த பலகை சரிந்து, துடைத்து வைத்த கட்டைகள் எல்லாம் நசுங்கியிருந்தன.

புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். தலையைப் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டர் இளம் பெண். சின்ன வயதில் தலைக்குக் கதிர்வீச்சு ஏதும் கொடுத்தார்களா என்று அவர் கேட்டதுதான் தாமதம், அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கதையை ஆரம்பித்துவிட்டார். ஊதா மை, சுவர் கனக் கதவு, பேர் சொல்லிக்கொண்டு நின்றது, பாயசம், எதையும் விடவில்லை. என் கணவர் தடுக்கப் பார்த்தார். டாக்டர் கையமர்த்திவிட்டு முழுக்கக் கேட்டார். அவ்வளவு பொறுமையாக அவர் கேட்டதே எனக்குப் பயமாக இருந்தது.

“அம்மா, அந்தக் கரண்ட்டுதான் அன்னிக்கு உங்க பொண்ணைக் காப்பாத்துச்சு. அதுல சந்தேகமே இல்லை” என்றார். “ஆனா அதே கரண்ட்டால, இத்தனை வருஷம் கழிச்சு, மூளையை மூடியிருக்கிற உறையில இப்படி ஒரு கட்டி வரலாம். எல்லாருக்கும் வராது. சிலருக்கு வரும். பழைய கட்டி திரும்பி வரலை. இது வேற, புதுசு. பெரும்பாலும் சாதுவான கட்டியாத்தான் இருக்கும். எடுத்துடலாம்.”

அத்தை, கதை சொல்லும்போது விரித்து வைத்திருந்த கைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அண்ணிதான் கேட்டார், அப்படியே நின்றுபோவதும் வாசனை வருவதும் இதனாலா என்று. ஆமாம், அவையும் சின்னச் சின்ன வலிப்புகள்தான், கட்டி பக்கத்திலிருக்கும் மூளையை உறுத்துவதால் வருபவை என்றார் டாக்டர். “அதுவுமா?” என்றார் அண்ணி. கட்டி என்று சொன்னபோது வராத ஏமாற்றம் அப்போதுதான் அவர் முகத்தில் வந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் வடலூர் தாண்டும் வரை அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவர் அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டார். விஷயம் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தவர்கள் பழைய ஆபரேஷனைப் பற்றி ஏதாவது கேட்டால் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவார். ஒருநாள் நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசற்படியில் வழிமறித்தார்.

“ஏம்மா, நீ படிச்சவ. நான் கதவாண்ட நின்னு பேரைச் சொல்லிக்கிட்டு இருந்தேனே, அப்ப உள்ள ரெண்டும் நடந்துக்கிட்டா இருந்துது? புள்ள பொழைக்கறதும், இதுக்கு வெதை வுழுறதும்? ஒரே நேரத்துலயா?”

“ஆமாங்க அத்தை” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வழிவிட்டார். அன்று வகுப்பில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. நன்றி சொல்லவும் நொந்துகொள்ளவும் ஒரே இடம்தான் இருக்கிறது என்றால், ஒரு தாய் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் அன்று காலையில் அண்ணியின் தலையை மழித்தார்கள். இத்தனை வருடம் பின்னலுக்குள் வைத்திருந்த பின்தலையும், பழைய தையலின் தழும்பும் வெளிச்சத்துக்கு வந்தன. முடியில்லாமல் பச்சை அங்கியில் உட்கார்ந்திருந்தவர், அந்தக் கதையின் ஏழு வயதுப் பிள்ளையாகவே இருந்தார். அத்தை அவரைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

“அந்தக் கதையச் சொல்லும்மா” என்றார் அண்ணி.

“எந்தக் கதை?”

“கரண்ட்டு வெச்ச கதை.”

“அது நல்ல கதை இல்லடி.”

“எனக்கு அது நல்ல கதைதான். சொல்லு.”

அத்தை சொன்னார். வழக்கமான கம்பீரம் இல்லை. நடுநடுவே மறந்தார். எதை எதற்கு முன்னால் சொல்வது என்று தடுமாறினார். “பன்னு வாங்கிக் குடுத்தத உட்டுட்ட” என்று அண்ணி எடுத்துக் கொடுத்தார். “ஊதா மை சட்டையில ஒட்டிக்கிச்சே, அத உட்டுட்ட.” பாயசம் வரைக்கும் வருவதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது. மீதியை வந்து கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் கணவர் நடந்துகொண்டே இருந்தார். பக்கத்தில் ஏதோ முணுமுணுப்பு கேட்டுத் திரும்பினேன். அத்தை அண்ணியின் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரார்த்தனைபோல இல்லை. கூப்பிடுவதுபோலவும் இல்லை. கீரை ஆய்வதுபோல, துணி மடிப்பதுபோல, ஒரு வேலையாக அதைச் செய்துகொண்டிருந்தார். மதியச் சாப்பாடு வந்தபோது வேண்டாம் என்று கையால் சைகை காட்டினார், பேரை நிறுத்தவில்லை. நானும் மனதுக்குள் அதைச் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல அது ஒரு மனிதரின் பேராக இல்லாமல் வெறும் ஓசையாகி, பிறகு மறுபடியும் பேராகிக்கொண்டிருந்தது.

கட்டியை எடுத்துவிட்டார்கள். டாக்டர் சொன்னதுபோல அது சாதுவானதாகவே இருந்தது. கண்விழித்த அண்ணிக்கு நாக்கு புரளவில்லை. அத்தை குனிந்து காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். அண்ணி என்ன கேட்டார் என்று எங்களிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சில மாதம் அவருக்குச் சொற்கள் இடம் மாறின. தம்ளரைக் கிண்ணம் என்பார். ரயிலை ஆறு என்பார். “ஆறு வந்துடுச்சு, உன் வூட்டுக்காரரு வர நேரம்” என்று சொல்லிவிட்டு, ஏதோ தப்பு என்று தெரிந்து அவரே சிரிப்பார். மெல்ல மெல்ல ஒவ்வொரு சொல்லும் தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. யூனிட்டுக்கும் அரைநாள் வேலைக்குப் போக ஆரம்பித்தார். ஆனால் அந்த நிற்றல் போய்விட்டது. ஒருநாள் மொட்டைமாடியில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தபோது, “இப்பல்லாம் அந்த வாசனை வருதா?” என்று கேட்டேன். கோயில் கோபுரத்தின்மேல் கிடந்த வெயிலைப் பார்த்தார். “இல்ல டீச்சரு. எல்லாம் புதுசாவே இருக்குது” என்றார். இழந்ததைச் சொல்கிற குரலா, கிடைத்ததைச் சொல்கிற குரலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அத்தை அதற்கு அப்புறம் நான்கைந்து வருடம் இருந்தார். தூக்கத்தில் போனார். அதன் பிறகு வருடாந்திரப் பரிசோதனைக்கு அண்ணியும் நானுமாகப் புதுச்சேரிக்குப் போய் வருவோம். இன்னொரு இடத்தில் சின்னதாக ஒன்று முளைத்திருப்பதாகச் சொல்லி, அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றிருந்தார்கள்.

அப்படிப் போன ஒருமுறைதான் பெண்ணாடத்துக்காரப் பெண்ணைச் சந்தித்தோம். எங்களுக்கு எதிர் நாற்காலியில் மகளை மடியில் போட்டுக்கொண்டிருந்தார். ஏழு வயது இருக்கும். கம்பளிக் குல்லாய், அதற்குக் கீழே புதுத் தையல். ஆபரேஷன் முடிந்துவிட்டது, இனி கரண்ட் வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வைத்தால் பிள்ளையின் மூளை வறண்டுபோகும் என்று மாமியார் வீட்டில் பயமுறுத்துகிறார்கள். பேச்சுவாக்கில், அண்ணிக்கும் அதே வயதில் அதே வைத்தியம் நடந்தது என்று தெரிந்ததும், அந்தப் பெண் பிள்ளையோடு எழுந்து வந்து எங்கள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வெக்கலாமா அக்கா? நீங்க சொல்லுங்க. நல்லாயிடுமா?”

அண்ணி நல்லாயிடும் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் தன் பின்னலை விலக்கிப் பின்தலையைக் காட்டினார்.

“இங்க முடி மொளைக்காது. நான் வளரல, பாக்கற இல்ல? தெனம் மாத்தர சாப்பிடறேன். கல்யாணம் கட்டிக்கல. அந்தக் கரண்ட்டாலயே பின்னாடி இன்னொரு கட்டி வந்து அறுத்தாங்க. இப்ப ஒண்ணு உக்காந்துகிட்டு இருக்குது. என்கிட்ட யாரும் முன்னாடி இதைச் சொல்லல, அவங்களுக்கும் அப்ப தெரியாது. உன்கிட்ட நான் சொல்லிட்டேன்.” பிறகு குழந்தையின் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டார். “வெச்சிரு.”

“இம்மாம் சொல்லிட்டு வெக்கச் சொல்றீங்களே அக்கா?”

“ஆமா.” கொஞ்சம் யோசித்தார். “காலையில வடலூருல பஸ்ஸு நின்னுது. எறங்கி நானும் டீச்சரும் இட்லி சாப்பிட்டோம். சூடா இருந்துது. சாம்பாரு நல்லா இருந்துது.”

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பெண் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு திடீரென்று சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். கிளம்பும்போது அண்ணி, இப்போதைய மிஷின்கள் வேறு மாதிரி, அவ்வளவு கெடுதல் செய்யாதாம் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னார். “ஆனா வருஷா வருஷம் படம் எடுத்துப் பாக்கறத மட்டும் உட்டுடாத. நல்லாத்தான் இருக்குதுன்னு உட்டுடாத” என்று விரலை நீட்டிச் சொன்னார். அந்தப் பெண் அண்ணியின் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று சொல்லியிருந்த கட்டி அடுத்தடுத்த வருடங்களில் குணம் மாறிப் பொல்லாததானது. மறுபடி அறுத்தார்கள். மறுபடி வந்தது. இனி செய்ய அதிகம் இல்லை என்றதும் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டோம். பேச்சு குறைந்து, தூக்கம் அதிகமானது. நான் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். மாசி மாதம். மாசி மகத்துக்கு வந்த கூட்டம் மணிமுத்தாற்றிலிருந்து திரும்பித் தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பலூன்காரனின் பீப்பி சத்தம் கேட்டது. ஜன்னல் வெயில் கட்டிலின் மேல் ஏறியிருந்தது. அண்ணியின் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. உதட்டைச் சப்புக்கொட்டினார். கண்ணைத் திறந்து என்னை வெகுநேரம் பார்த்தார்.

“அழாத டீச்சரு” என்றார். “அப்பவும் நீ அழுத. அப்புறம் நல்லாத்தான் ஆச்சு.”

அதற்குப் பிறகு அவர் பேசியதில் வேறெதுவும் தெளிவாக இல்லை. ஒரு வாரத்தில் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள், அம்பத்தோரு வயசு போற வயசா என்று. யூனிட்டிலிருந்து வந்த பெண்கள் குளிக்காமல் அப்படியே வந்திருந்தார்கள். வெள்ளைக் கைகளால் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அண்ணியின் போன் இப்போதும் சமையலறை அலமாரியில்தான் இருக்கிறது. காஸ் புக் செய்த நம்பர் அதுதான் என்பதால் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். சென்ற வாரம், பள்ளியிலிருந்து வந்து டீ போட்டுக்கொண்டிருந்தபோது அது அடித்தது. “அக்கா, பெண்ணாடத்துலேர்ந்து பேசறேன். ஞாபகம் இருக்குதா?” என்றது குரல். நான் டீச்சர் என்று சொன்னேன். “டீச்சரா? நல்லா இருக்கீங்களா? பாப்பாவுக்குக் கரண்ட்டு எல்லாம் முடிஞ்சி வருஷக் கணக்காயிடுச்சு. ஸ்கூலுக்குப் போவுது. இந்த வருஷமும் படம் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அக்காகிட்ட சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டே இருக்கேன். இருக்காங்களா?”

அடுப்பை அணைத்தேன். வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிள்ளையின் படத்தில் ஒன்றும் இல்லை என்று கேட்டு வந்த ஒருத்திக்கு, அதே நாளில் இதைச் சொல்ல வேண்டுமா? ஆனால் அண்ணி அன்று பின்னலை விலக்கிக் காட்டியவர். அவருடைய போனிலிருந்து என்னால் பொய் சொல்ல முடியவில்லை. போய்விட்டார் என்று சொன்னேன். எதனால் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. ஒரு பிள்ளை சத்தம்போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தது, வாய்ப்பாடு என்று நினைக்கிறேன். நான் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“என்னா வயசு டீச்சரு அக்காவுக்கு?”

“ஐம்பத்தொண்ணும்மா.”

“அம்பத்தொண்ணா?”

இந்த வயதை எத்தனையோ பேர் வாயால் கேட்டுவிட்டேன். இப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தன் மகளின் தலையில் என்றோ வரப்போகும் நரைமுடியை இப்போதே பார்த்துவிட்டவளின் குரலாக அது இருந்தது.

“அவ்ளோ வயசு வரைக்குமா டீச்சரு இருந்தாங்க?”

“ஆமாம்மா” என்றேன். “அவ்ளோ வயசு வரைக்கும்.”